வைக்கோல் போருக்குள் மோட்டார்

செஞ்சிக் கோட்டையை முற்றுகை போட்டவர்கள்கூடத் தாரை தப்பட்டை அடித்துக்கொண்டுதான் வந்திருப்பார்கள். ஜப்தி ஜீப்புக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. வந்து நின்ற பிறகுதான் தெரியும்.

துரைக்கண்ணு பயந்த ஆள் இல்லை. கல்யாணத்தன்று மாமனாரிடமே பீடிக்கு நெருப்புக் கேட்டவர். பேங்கில் கடன் வாங்கிக் கிணற்றுக்கு மோட்டார் போட்ட அன்று, குழாயில் கொட்டிய தண்ணீருக்கடியில் வேட்டியோடு நின்று ஆடினார். அடுத்த வருஷம் மழை இல்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. தவணை நின்றுபோனது. பிறகு ரோட்டில் எந்த வண்டி உறுமினாலும் சோற்றுக் கையோடு எழுந்துபோய் எட்டிப் பார்ப்பார்.

சந்தைக்குப் போய்வந்த சினேகிதர் சர்தார் சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார். "அண்ணே, ஜப்திக்காரங்க வல்லத்துல பூந்துட்டாங்க. தாண்டவராயன் ஊட்டுக் கதவையே கழட்டி ஏத்திட்டாங்க. மோட்டார எங்கியாச்சும் ஒளிச்சி வையி."

அன்றைக்கே இருவருமாக போல்ட்டைக் கழற்றி, மோட்டாரைக் கொண்டுவந்து வைக்கோல் போருக்குள் புதைத்தார்கள்.

ஜீப் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வெயில் மட்டும் தவறாமல் வந்தது. நிலத்தில் மல்லாட்டை போட்டிருந்தார். வேர்க்கடலைச் செடியின் விழுது மண்ணில் இறங்கிக் காய் பிடிக்கிற நேரம். மண்ணோ கல்லாகிக் கிடந்தது.

"இன்னாய்யா, மோட்டார் உள்ள குஞ்சு பொரிக்குதா?" என்றாள் மனைவி ராஜாம்பாள்.

"மாட்டினா தூக்கினு பூடுவான்டி."

"மாட்டலன்னா எத வித்து அவன் கடன அடைப்ப? உன் மீசையவா?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பிடுங்கி வந்த செடியை நீட்டினாள். விழுதுகள் மண்ணைத் தொட்ட இடத்திலேயே நுனி கருகியிருந்தன. துரைக்கண்ணு அதைக் கீழே போடாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

மோட்டார் மறுபடியும் கிணற்றுமேட்டில் ஏறியது. மத்தியானம் கரண்ட் வந்ததும் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. அவர் மண்வெட்டியோடு மடை திருப்பினார். மோட்டார் சத்தத்தில் ஜீப் வந்தது கேட்கவில்லை. நிமிர்ந்தபோது வரப்பில் மூன்று பேர். ஒருவன் கையில் ஸ்பேனர்.

துரைக்கண்ணு ஓடவில்லை. அடுத்த பாத்திக்கு மடையை வெட்டினார்.

"வெயில்ல நிக்காதீங்க சார். அந்தப் புங்க மரத்தாண்ட குந்துங்க. கரண்ட் போறவரைக்கும் வுடுங்க, நானே கழட்டித் தரேன்."

ஸ்பேனர்காரன் கிணற்றுமேட்டுக்கு நடந்தான். ஸ்விட்ச் பெட்டியை மறைத்து நின்ற ராஜாம்பாளிடம், "தள்ளும்மா, எங்களுக்கும் மேல ஆள் இருக்குது" என்றான்.

மோட்டார் அடங்கியது. வாய்க்காலில் மிச்சமிருந்த தண்ணீரைத் துரைக்கண்ணு காலால் தள்ளித் தள்ளிக் கடைசிப் பாத்திப் பக்கம் கொண்டுபோகப் பார்த்தார். அது பாதி வழியிலேயே மண்ணுக்குள் போய்விட்டது.