ரிஸ்வானின் டிக்கெட்டுக்கு நான் அடித்த ஓகே

கல்முனையில் முப்பது வருடமாக விமான டிக்கெட் அடிக்கிறேன். ஊரில் எல்லோருக்கும் நான் காக்கா, அதாவது அண்ணன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கம்ப்யூட்டர் கோட் எல்லாம் ஒரு கிழமையில் பாடமாக்கிவிடுகிறார்கள். அதைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. ஒரு சனிக்கிழமை நான் பார்த்த மடத்தனமான வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

பத்து நிமிட ஓகே

முதலில் எங்கள் ஊர் டிக்கெட் கடைகளின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். டிக்கெட்டில் பயணியின் டெலிபோன் நம்பர் போடும் இடத்தில் நாங்கள் கடை நம்பரைத்தான் போடுவோம். கேட்டால், சவூதிக்குப் போகிறவன் இங்கே ஒரு சிம், அங்கே ஒரு சிம் என்று மாற்றுவான், ஈமெயில் பார்க்கமாட்டான் என்று காரணம் சொல்வோம். அது பாதி உண்மை. அவன் நம்பர் விமானக் கம்பனிக்குக் கிடைத்தால் அடுத்த டிக்கெட்டை நேரே அங்கேயே எடுத்துவிடுவான் என்ற பயம்தான் மீதி.

ஆகவே விமான நேரம் மாறினால் அறிவித்தல் எனக்குத்தான் வரும். கம்ப்யூட்டரில் கியூ என்று ஒன்று இருக்கிறது. மாற்றங்கள் எல்லாம் அதில் வரிசையாக வந்து நிற்கும். பெரும்பாலும் பத்து நிமிடம் முந்தும், அல்லது பத்து நிமிடம் பிந்தும். அதற்கெல்லாம் ஆளைக் கூப்பிட்டுக் கேட்பதா? பயணிக்குச் சம்மதம் என்று ஓகே, ஓகே அடித்துக் கியூவைத் துடைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவோம்.

அந்தச் சனிக்கிழமையும் கடை திறந்ததும் அதைத்தான் செய்தேன். கியூ வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. சினத்தோடு அடித்து முடித்த பிறகுதான் ஒரு வாடிக்கையாளர் கோல் எடுத்து, "காக்கா, பிளேன்காரங்க ஸ்ட்ரைக்காமே, மெய்யா?" என்று கேட்டார். ஓடிப்போய்த் திரும்பப் பார்த்தேன். மாறியிருந்தது நேரம் அல்ல, தேதி. அன்று பின்னேரப் பயணம் புதன்கிழமைக்குப் போயிருந்தது.

அந்த வரிசையில் மருதமுனை ரிஸ்வானும் இருந்தான். ரியாத்தில் டிரைவர், லீவு முடிந்து திரும்பிப் போகிறவன். அவனுடைய ரீ-என்ட்ரி விசா திங்கட்கிழமையோடு முடிகிறது. அதற்குள் சவூதிக்குள் கால் வைக்காவிட்டால் அவனுக்கு வேலை இல்லை. அவனோ விடிய சுபஹ் தொழுத கையோடு எயார்போட்டுக்கு வேனில் ஏறிவிட்டான்.

ஹபரணையில் நின்ற வேன்

கோல் எடுத்தேன். வேன் பாதி வழியில், ஹபரணையில் தேத்தண்ணிக்கு நின்றுகொண்டிருந்தது. உம்மா, பெண்சாதி, மச்சான்மார், பிள்ளைகள் என்று பதினொரு பேர். ஒருவனை அனுப்ப ஒரு வேன் நிறையப் போனால்தான் எங்கள் ஆட்களுக்கு மனம் ஆறும்.

"ஸ்ட்ரைக் தம்பி. நம்மட கையில ஒண்டுமில்ல. புதன்கிழமைக்குப் போட்டிருக்காங்க, திரும்பி வாங்க" என்றேன். நான் ஓகே அடித்ததைச் சொல்லவில்லை.

"திரும்பி வாறதா? வீடு வீடாப் போய்ப் பயணம் சொல்லி, மாப்புக் கேட்டுட்டு வந்திருக்கன் காக்கா. மறுகா பின்னேரமே எந்த மூஞ்சோட ஊருக்குள்ள வாற? புதன்கிழம எண்டா என்ட வேலையும் போயிரும். நான் எயார்போட்டுக்குத்தான் போறன்."

போகாதே என்று கத்தினேன். நல்ல காலம், அவன் கேட்கவில்லை.

எழுதித் தாங்க

நான் கோல் சென்டரோடு மல்லுக்கட்டத் தொடங்கினேன். ஒரு பாட்டு, பிறகும் அதே பாட்டு, இடையிடையே என் அழைப்பு அவர்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு குரல். முக்கியமாம்! கடைசியில் ஒரு பிள்ளை வந்து, "சேர், புதுத் தேதிய நீங்களே அக்செப்ட் பண்ணியிருக்கீங்களே" என்றாள். ஸ்ட்ரைக் பண்ணுவது உங்கள் ஆட்களா, எங்கள் ஆட்களா என்று கத்தினேன். அவள் அதே வசனத்தை அதே குரலில் திரும்பச் சொன்னாள்.

நாலு மணி போல ரிஸ்வானின் மனைவி பர்ஹானா கட்டுநாயக்கா எயார்போட்டிலிருந்து போனில் கதைத்தாள். முன்பள்ளி ஆசிரியை. சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாத பிள்ளை.

"காக்கா, டிக்கெட்டோட வந்த நிபந்தனைய போன்ல வாசிச்சன். அவங்கட ஆக்கள்ற ஸ்ட்ரைக்கால பிளைட் நிண்டா, காசத் திருப்பி எடுக்கிறதா, வேற பிளைட்ல போறதா எண்டு முடிவெடுக்கிறது பயணியாம். வேற கம்பனி பிளைட்டும் கேக்கலாமாம். நிக்கிற நேரத்துக்குச் சாப்பாடும் தங்க இடமும் குடுக்கணுமாம். கவுண்டர்ல காட்டினன். உங்கட ஏஜென்ட் காலையிலயே புதன்கிழமைக்கு ஓம் எண்டுட்டார், இனி ஏலாது எண்டுறாங்க. எங்கள்ட்ட நீங்க கேட்டீங்களா காக்கா?"

முப்பது வருடத்தில் அந்த நிபந்தனையை ஒருநாளும் நான் முழுதாக வாசித்ததில்லை.

"இல்ல புள்ள. கேக்கல்ல. பாக்காம அடிச்சிட்டன்."

"அப்ப அத எழுதித் தாங்க."

கடைப் பெயர் போட்ட தாளில், என் கையொப்பத்தோடு, பிழை என்னுடையது என்று எழுத வேண்டும். அந்தக் கம்பனி நினைத்தால் எனக்கு டிக்கெட் அடிக்கும் அனுமதியையே நிறுத்தலாம். பேனையை எடுத்தேன், வைத்தேன், திரும்ப எடுத்தேன். இந்த மாற்றத்தைப் பயணி ஏற்கவில்லை, அவரிடம் யாரும் கேட்கவுமில்லை, கேட்காமல் ஏற்றது நான் என்று எழுதினேன். ரீ-என்ட்ரிப் பிரதியையும் சேர்த்துக் கம்பனிக்கும் பர்ஹானாவுக்கும் அனுப்பினேன். பிறகு அந்தக் கியூவில் இருந்த மற்ற எல்லோரையும் கூப்பிட்டு உண்மையைச் சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கவுண்டரில் இருந்த அதிகாரி என் கடிதத்தைப் பார்த்த பிறகும் நாளைக்கு வாருங்கள் என்று மூன்று முறை சொன்னாராம். "ஏலாது எண்டா, ஏலாது எண்டு எழுதித் தாங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டு பர்ஹானா அந்த இடத்திலேயே நின்றாளாம். எழுதிக் கொடுக்க அங்கே ஒருவருக்கும் விருப்பமில்லை. மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னர், ஞாயிறு மத்தியானம் புறப்படும் வேறொரு கம்பனி விமானத்தில் இடம் போட்டுக் கொடுத்தார்கள். அதுவரைக்கும் ரிஸ்வானுக்கு அறையும் சாப்பாடும் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை காலை ரியாத்திலிருந்து ரிஸ்வானின் வொய்ஸ் மெசேஜ் வந்தது. "உள்ள வந்துட்டன் காக்கா, அல்ஹம்துலில்லாஹ்." என்னை ஏசியிருக்கிறானா என்று இரண்டு தரம் போட்டுக் கேட்டேன். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

பிள்ளைகளே, ஸ்ட்ரைக்கை நம்மால் நிறுத்த முடியாது. ஆனால் ஆளைக் கேட்காமல் ஓகே அடிப்பதை நிறுத்தலாம். கம்பனிக்குக் கம்பனி நிபந்தனை மாறும், வாசித்துப் பாருங்கள். போவதா, நிற்பதா என்று சொல்ல வேண்டியது பயணி.

அடுத்த லீவில் ரிஸ்வானும் பர்ஹானாவும் கடைக்கு வந்தார்கள். பெயரை அடித்தேன், பாஸ்போர்ட் நம்பரை அடித்தேன். டெலிபோன் நம்பருக்கு வந்ததும் பழக்கத்தில் விரல் கடை நம்பரை அடிக்கத் தொடங்கிவிட்டது.

"காக்கா" என்றாள் பர்ஹானா.

அடித்ததை அழித்தேன். "சொல்லு புள்ள, உங்கட நம்பர் என்ன?" என்றேன்.