கிழக்கே நின்ற கோல்கீப்பர்

களமருதூர் ஆட்டத்தில் என் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு கல்லின்மேல் புதுக் கோச்சம்மா உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதற்கு முன் வந்த எந்தக் கோச்சும் அந்த இடத்தில் உட்கார்ந்ததில்லை. திருக்கோவிலூர்க்காரர், என்னைவிட வயதில் சின்னவர். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு மூன்று கோல் விழுந்தது.

கல்வராயன் மலையில் எங்கள் மைதானம் கிழக்கே பள்ளத்தைப் பார்த்துச் சரிந்தது. யார் எப்படி உதைத்தாலும் பந்து கிழக்குக் கம்பத்துப் பக்கம்தான் உருண்டு வரும். நான் அங்கேயே போய் நின்றுகொள்வேன். மலையில் எங்களை ஜெயித்தவர்கள் இல்லை. கீழே இறங்கினால் எந்த ஊரிலும் தோல்விதான். மலையிலிருந்து கடுக்காய் மூட்டை ஏற்றி வரும் லோடு வண்டியிலிருந்து நாங்கள் குதிக்கும்போதே, "கடுக்கா மூட்ட வந்துடுச்சுடா, எறக்குங்க" என்று சிரிப்பார்கள். முதல் கோச், எங்களுக்குப் பயம் என்று சொல்லி மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். அடுத்தவர் முன்னால் ஆடுகிறவர்களை மாற்றிக்கொண்டே இருந்தார். தோல்வி மட்டும் மாறவில்லை.

நைனார்பாளையத்திலும் தோற்றால் கையுறையைக் கொடுத்துவிடுகிறேன் என்று கேப்டனிடம் சொன்னேன். அவன் என் மச்சான்.

"குட்த்துட்டு ஞாயித்துக்கெழம இன்னா பண்ணுவ? வூட்ல குந்திக்கினு இருப்பியா?"

வாரம் முழுக்க வாய் திறக்காத நான், அந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவில்தான் கத்துவேன்.

நைனார்பாளையத்தில் ஆட்டம் தொடங்கும் முன் கோச்சம்மா வந்தார். "அண்ணே, கெழக்கால இன்னா வச்சிருக்கீங்க? போய்ப் போய் அங்கயே நிக்கிறீங்க."

நான் தரையைப் பார்த்தேன். சமமான தரை. இங்கே சரிவு ஏது? ஆனாலும் ஊருக்கு ஊர் என் கால் கிழக்கே போய் நின்றிருக்கிறது; கோலெல்லாம் மேற்கே விழுந்திருக்கிறது. அவர் குதிகாலால் நடுவில் ஒரு கோடு கிழித்தார். "இத்த மிதிச்சிக்கினே இருங்க, போதும்."

அன்று நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். ஆட்டம் முடியப் போகும் நேரம், அவர்களுடைய நெட்டை ஆள் எல்லாரையும் தாண்டிக்கொண்டு தனியாக வந்தான். என் கால் கிழக்கே இழுத்தது. கோட்டை அழுத்தி மிதித்தேன். அவன் மேற்கே உதைத்தான். பாய்ந்தேன். பந்து விரல் நுனியில் பட்டு, கம்பத்தில் மோதி வெளியே போனது. விசில் ஊதிய பிறகும் நான் கத்திக்கொண்டே கிடந்தேன். திரும்பும்போது லோடு வண்டியில் யாரும் உட்காரவில்லை. மலைப்பாதை முழுக்க ஆட்டமும் பாட்டும்தான்.

அடுத்த ஞாயிறு எங்கள் மைதானத்தில் ஆட்டம். பெருமையாக நடுவில் போய் நின்றேன். முதல் பந்தே சரிவில் சோம்பலாக உருண்டு, கிழக்குக் கம்பத்தை ஒட்டி உள்ளே போய்ப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. மச்சான் தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

"அண்ணே, இங்க மட்டும் ஒங்க பழைய எடத்துக்கே போய்டுங்க" என்றார் கோச்சம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கையுறையைக் கழற்றாமலே பந்தை எடுக்கப் பள்ளத்தில் இறங்கினேன்.