பதினெட்டாவது முறைப்பாடு

இது கதை இல்லை. நடந்தது. நம்ப விருப்பமில்லாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். இருளப்பனுக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. யாரையும் பயமுறுத்துவதற்காக அவன் இதைச் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலில் சொன்னான். நடந்த நேரங்களோடு சொன்னான். கம்ப்யூட்டர் திருத்தப் போகிறவன், தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடுவில் என்ன நடந்தது எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்வது வழக்கம். அந்த நோட்டு இன்னும் அவனிடம் இருக்கிறது.

2003 நவம்பர் 8. சனிக்கிழமை. போயா தினம், பௌர்ணமி லீவு.

இரத்தினபுரியில் ஸம்சுதீன் முதலாளியின் கம்ப்யூட்டர் கடையில் அவனுக்கு வேலை. ஹல்தொலை தோட்டத்து ஆபீசில் ஒரு சர்வர் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் இயங்குதளம் ஏற்ற வேண்டும், லீவு நாளில்தான் வரச் சொல்கிறார்கள், யார் போவது என்று முதலாளி கேட்டார். மற்றவர்கள் சுவரைப் பார்த்தார்கள். இருளப்பன் மட்டும் நான் போகிறேன் என்றான். ஏன் என்று சொல்லவில்லை.

அந்தத் தோட்டத்து மூன்றாம் நம்பர் லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில்தான் அவனுடைய அக்கா இந்திராணி வாழ்க்கைப்பட்டிருந்தாள். அந்த வருஷ மே மாத மழையில் லயத்துக்கு மேலே இருந்த மண்மேடு அப்படியே சரிந்து விழுந்தது. பதினோரு பேர் போனார்கள். அக்கா, அத்தான், நாலு வயது மகள். ஆபீசில் கம்ப்யூட்டர் பார்த்த விஜயகலாவும் அதே லயம்தான். அவளும் போய்விட்டாள்.

அதற்கு ஒரு வாரம் முன்னால் அக்கா கடைவீதியிலிருந்து போன் பண்ணியிருந்தாள்.

"இருளு, செவுரு வெடிச்சிருச்சுடா. ஆபீசுக்குப் போயி மூணு தடவ சொல்லிட்டேன். நம்ம விஜயகலா கம்பியூட்டர்ல எழுதிக்கிச்சு. மழ விடுற வரைக்கும் ஒங்கிட்ட வந்து இருக்கவா?"

"கம்பியூட்டர்ல ஏறிருச்சுல்ல? அப்பறம் என்னக்கா பயம்? இனிமே யாரும் இல்லேன்னு சொல்ல முடியாது. வந்து பாத்துத்தான் ஆகணும்."

படித்தவன் சொல்கிறான் என்று அவள் நம்பிவிட்டாள். வரவில்லை.

பதினோரு பேரையும் புதைத்த பிறகு தோட்ட நிர்வாகம் என்ன சொன்னது தெரியுமா? அப்படி ஒரு முறைப்பாடும் எங்களுக்குக் கிடைக்கவில்லை என்றது. கம்ப்யூட்டர்? அது இடி விழுந்து பழுதாகிவிட்டதாம். அன்றிலிருந்து இருளப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. பாதிக் கோபம் அவர்கள் மேல், பாதிக் கோபம் தன் வாய் மேல்.

பிற்பகல் 1.05. ஆபீஸ். மழை தூறத் தொடங்கியிருந்தது. உள்ளே பெரிய கிளாக்கர் பொன்னுத்துரை மட்டும் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இந்தத் தோட்டத்தில் முப்பது வருஷம். புதைத்த அன்று இருளப்பன் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றான். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. லயத்து முகங்களை நிமிர்ந்து பார்த்திருந்தால்தானே தெரியும்!

அந்த ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. லயத்து ஆட்கள் உள்ளே கால் வைக்க மாட்டார்கள். என்ன குறையானாலும் வெளியே நின்று ஜன்னல் வழியாகத்தான் சொல்ல வேண்டும். மழை கொட்டினாலும் அங்கேதான் நிற்க வேண்டும். கம்ப்யூட்டர் மேசை அந்த ஜன்னலை ஒட்டியே இருந்தது. விஜயகலா உட்கார்ந்த நாற்காலியில் இருளப்பன் உட்கார்ந்தான். மழைக்காக ஜன்னல் பலகையைச் சாத்திக்கொண்டான்.

கம்ப்யூட்டர் பெட்டி பழையதுதான். கன்ட்ரோலர் கார்டும் இரண்டு ஹார்ட் டிஸ்கும் மட்டும் புதிது. லினக்ஸுக்குக் காசு கட்டத் தேவையில்லை என்றதும் தோட்டத்து மேனேஜர் துரைக்குப் பிடித்துப்போய்விட்டது. முன்பக்கத்தில் டிஸ்க் செருகும் நாலு தட்டுகள். இரண்டில் பச்சை விளக்கு எரிந்தது. மற்ற இரண்டும் மூடிக் கிடந்தன, விளக்கு இல்லை.

1.25. சிடியைப் போட்டான். டிஸ்க் எதுவும் இல்லை என்றது. அது எதிர்பார்த்ததுதான். டிஸ்குகளைக் கட்டி மேய்ப்பது அந்தக் கன்ட்ரோலர் கார்டு. அதற்கான டிரைவர் என்ற சின்ன மென்பொருளைக் கொடுக்காவிட்டால் லினக்ஸுக்குக் கண் தெரியாது. கண்ணெதிரே இருந்தாலும் இல்லை என்றுதான் சாதிக்கும். இந்த ஆபீஸ் மாதிரியே இருக்கிறது என்று இருளப்பன் பல்லைக் கடித்தான்.

1.50. டிரைவர் இருந்த ஃப்ளாப்பியைச் செருகினான். கர்... கர்... என்று இழுத்தது. டிரைவர் ஏறியது. திரையில் டிஸ்குகள் வரிசையாக வந்தன. ஒன்று. இரண்டு.

மூன்று. நாலு.

திரைக்குக் கிட்டே குனிந்தான். பழைய டிஸ்க் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன! விளக்கு? பல்பு போயிருக்கும்.

"ஐயா, பழைய டிஸ்க் ரெண்டும் உள்ளுக்கே இருக்குங்க. நாலு காட்டுது."

பொன்னுத்துரை பேப்பரைக் கீழே வைத்தார். "நாலோ? ரெண்டெல்லோ இருக்கோணும்."

"நாலுங்க. வந்து பாருங்க."

அவர் வந்து பார்க்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "அழியும். எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசா ஏத்தும். நான் துரையைப் பாத்திட்டு வாறன்."

கொட்டுகிற மழையில் இறங்கிப் போனார். அவருடைய குடை ஆணியிலேயே தொங்கியது. நேரம் 2.04.

அழிப்பதா? இருளப்பன் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரைக்கு மாறினான். மூன்றாவது டிஸ்கைத் திறந்தான். முறைப்பாடு என்று ஒரு கோப்பு இருந்தது. விஜயகலா தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து வைத்திருந்தாள். வாய்விட்டுப் படித்தான்.

"ஏப்ரல் 28. காலை 8.20. மூன்றாம் லயம். மேட்டில் தண்ணீர் ஊறுகிறது. சொன்னது இராமசாமி. எழுதியது வி."

டக்... டக்.

ஜன்னல் பலகையில்.

"மிஸ்... எழுதிட்டீங்களா?"

வயதான ஆண் குரல். இருளப்பன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மிஸ் இல்லங்க. இன்னைக்கு லீவு. நாளன்னைக்கு வாங்க."

2.17 என்று நோட்டில் குறித்தான், "யாரோ வந்தார்கள்" என்றும் எழுதினான். அடுத்ததைப் படித்தான்.

"ஏப்ரல் 30. மூன்றாம் லயம். கதவு சாத்த முடியவில்லை, நிலை சாய்ந்துவிட்டது. சொன்னது சின்னம்மா."

டக்... டக்.

"எழுதிட்டீங்களா மிஸ்?"

இப்போது ஒரு பெண். இருமினாள். இருமலோடு ஏதோ கொழகொழவென்று வந்தது. ஈர மண் வாடை குப்பென்று அடித்தது.

எழுந்து பலகையைத் திறந்தான். யாரும் இல்லை. மழைதான். ஜன்னல் விளிம்பில் மட்டும் சிவப்புச் சேறு, நாலு விரல் பதிந்த மாதிரி.

மறுபடி சாத்தினான்.

உட்கார்ந்தான். எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் கோப்பு இங்கே இருக்கிறது, பொன்னுத்துரை எந்த நிமிஷமும் திரும்பி வருவார். இப்போது விட்டால் அக்காவுக்குச் சொன்ன சொல் பொய்யாகிவிடும்.

படித்தான். ஒவ்வொன்றாக. ஒன்று முடிந்ததும் ஒரு தட்டல்... ஒரு குரல்... அதே கேள்வி. ஒரு தடவை ஒரு குழந்தை விக்கி விக்கி அழுகிற சத்தமும் கேட்டது.

மொத்தம் பதினேழு. எண்ணிப் பார்த்துக்கொண்டான். கடைசி மூன்றும் ஒரே பெயர்.

"மே 12. மாலை 4.05. மூன்றாம் தடவை. பிள்ளை பயந்து அழுகிறது. தம்பி வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டாள். சொன்னது இந்திராணி. எழுதியது வி."

இருளப்பன் அழுதான். அழுதுகொண்டே, டிரைவர் போக ஃப்ளாப்பியில் மிச்சமிருந்த இடத்தில் அந்தக் கோப்பைப் போட்டான். கர்... கர்... கர்...

நின்றது.

மழையும் நின்ற மாதிரி இருந்தது.

பலகையில் தட்டவில்லை. நகத்தால் சுரண்டும் சத்தம்.

"இருளு..."

அவனை அப்படிக் கூப்பிட ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள்.

"எழுதிட்டியா?"

பயம் உச்சந்தலைக்கு ஏறியது. உண்மை. ஆனால் அதை இடித்துத் தள்ளிக்கொண்டு இன்னொன்று ஏறியது. செத்த பிறகும் இவர்கள் வெளியேதான் நிற்கிறார்கள்! மண் விழுந்து மூச்சு முட்டிச் செத்தும், மழையில் நனைந்துகொண்டு, ஜன்னல் பக்கம்தான் நிற்கிறார்கள். எவன் போட்ட சட்டம் இது?

"எழுதியாச்சுக்கா!" என்று கத்தினான். "எதுக்கு அங்க நிக்கிறீங்க? உள்ளுக்கு வாங்க! எல்லாரும் உள்ளுக்கு வாங்க! எவன் கேக்குறான்னு நான் பாக்குறேன்!"

ஓடிப்போய் ஆபீஸ் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தான். எதிர்ச் சுவரில் கடிகாரம். 3.26.

வாசலில் யாரும் இல்லை.

குளிர்ந்த காற்று ஒன்று அவனைக் கடந்து உள்ளே போனது.

திரும்பினான்.

பாலிஷ் போட்ட சிவப்புத் தரையில் சேற்றுக் கால்கள். வெறுங்கால்கள். வாசலிலிருந்து மேசை வரைக்கும். நடுவில் ஒரு சின்னக் கால்.

4.10. பொன்னுத்துரை வந்தார். வாசலிலேயே நின்றார்.

"ஆர் இந்தச் சனத்தை உள்ளுக்கை விட்ட..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. தரையைப் பார்த்தார். எல்லாக் கால்களும் உள்ளே போயிருந்தன. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

அவர் உள்ளே வரவில்லை. இருளப்பன் புது டிஸ்குகளில் லினக்ஸை ஏற்றி முடிக்கும் வரை வராந்தாவிலேயே நின்றார். முடித்துப் பெட்டியை அணைத்து மறுபடி போட்டபோது இரண்டு டிஸ்க்தான் காட்டியது. மூன்றும் நாலும் இல்லை. வேலை முடிந்த தாளில் கையெழுத்து வேண்டும். இருளப்பன் ஜன்னல் பலகையைத் திறந்து தாளை நீட்டினான். முப்பது வருஷம் உள்ளே உட்கார்ந்து பதில் சொன்ன மனுஷன், வராந்தாவிலிருந்து இறங்கி வந்து வெளியே மழையில் நின்று கையெழுத்துப் போட்டார். 5.05.

பிப்ரவரியில் இரத்தினபுரியில் அந்த மண்சரிவு பற்றி விசாரணை. இருளப்பன் ஃப்ளாப்பியைக் கொடுத்தான். விசாரணை அதிகாரி அதைத் தாளில் அச்செடுத்துச் சபையில் வாசிக்கச் சொன்னார். இறந்தவர்களின் சொந்தக்காரர்கள் பின்வரிசையில் இருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விம்மல் கேட்டது. இந்திராணியின் மூன்றும் முடிந்தன. பதினேழு. அவ்வளவுதான் என்று இருளப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

வாசித்தவர் தாளைப் புரட்டினார்.

"நவம்பர் 8. பிற்பகல் 3.26. கதவு திறந்தாச்சு. எல்லாரும் உள்ளே வந்தாச்சு. எழுதியது வி."

தோட்டத்து வக்கீல் துள்ளி எழுந்தார்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா! இது முழுக்கப் பொய்! அந்தப் பொண்ணு மே மாசமே செத்துப்போச்சு. அந்த ரெண்டு டிஸ்கையும் ஜூன் ரெண்டாந் தேதியே பெக்டரி அடுப்புல போட்டு எரிச்சாச்சு. பெரிய கிளாக்கர் தன் கையாலயே போட்டிருக்கார். நவம்பர்ல எங்கருந்து வந்துச்சு இது?"

வக்கீலுக்கே அப்போதுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று உறைத்தது. மெல்ல உட்கார்ந்தார்.

அதிகாரி பேனாவை எடுத்தார். "அப்ப எழுதினது இருந்திருக்கு" என்றார். "எதுக்கு எரிச்சீங்க?"

பொன்னுத்துரை தலையைத் தூக்கவே இல்லை.

இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. அக்காவுக்குச் சொன்னது நடந்துவிட்டது, ஒன்பது மாதம் பிந்தி, அவள் மண்ணுக்குள் போன பிறகு. இருளப்பனுக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. ஆத்திரமும் அடங்கவில்லை. பிடரி மட்டும் சில்லிட்டது. விளக்கு எரியாத அந்த இரண்டு தட்டுகளும் அன்று வெறும் தட்டுகள். பல்பு போகவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஃப்ளாப்பியில் கோப்பைப் போட்டு முடித்த பிறகுதான் அவன் கதவைத் திறந்தான். திறந்த நேரம் அவனுடைய நோட்டில் மட்டும்தான் இருந்தது. அந்த நோட்டை அவன் அதுவரை ஒருவரிடமும் காட்டியிருக்கவில்லை.