அழிக்காமல் வந்த கணக்குப் புத்தகம்

என் மகளும் பட்டுக்கோட்டைத் தோழி சுகந்தியின் மகளும் பள்ளிக்குப் போவதில்லை, வீட்டில்தான் படிப்பு. ஊர்ப்பட்ட பாடத்திட்டங்களை அலசிவிட்டு, கடைசியில் வெளிநாட்டுப் புத்தகங்களாக ஒரே ஒரு செட் வாங்கினோம். முதலில் அவள் வீடு. பிறகு குடவாசலில் எங்கள் வீடு.

இன்று மதியம் பெட்டி வந்து சேர்ந்தது.

பென்சிலில் எழுதி, அழித்துவிட்டு அனுப்ப வேண்டும் என்பது பேச்சு. கணக்குப் புத்தகத்தை மட்டும் அவள் அழிக்கவில்லை.

போனில் கேட்டால், "ஐயோ, மறந்தே போயிட்டேன்பா" என்கிறாள்.

மறப்பாளா? பக்கத்துக்குப் பக்கம் அவள் மகளின் முத்து முத்தான கையெழுத்து. எல்லா விடையும் சரி. நான் பார்த்து வயிறெரிய வேண்டும் என்றே அனுப்பியிருக்கிறாள்.

வயலிலிருந்து வந்த கணவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "கடைமடைக்குத் தண்ணி வந்துச்சேன்னு சந்தோஷப்படு" என்றார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. ரப்பரோடு உட்கார்ந்தவள், அழிப்பதை விட்டுவிட்டுத் தப்பு தேட ஆரம்பித்தேன்.

கடைசிப் பக்கத்தில் அகப்பட்டது. 52 − 17 = 45. கடன் வாங்க மறந்திருக்கிறாள் அந்த மேதை!

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. உடனே என் மகளைக் கூப்பிட்டேன். "இதுல என்ன தப்புன்னு சொல்லு பாப்போம்."

அவள் நன்றாக உற்றுப் பார்த்தாள்.

"சரியாத்தானேம்மா இருக்கு?"

அந்த ஒரு கணக்கை மட்டும் அழித்துவிட்டேன். மற்ற பக்கங்களை விடைப் புத்தகமாக அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சுகந்தி, நீ சொல்ல வேண்டாம்.