விட்டுப்போன சூடு

மரம் செதுக்கும் கத்திகளை நானே செய்து பழகிய நேரம் அது. பழைய அரத்தின் எஃகு நல்ல கூர் பிடிக்கும். ஆனால் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி எடுத்த பிறகு, மிதமாக இன்னொரு முறை சூடு காட்ட வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி போல உடையும். அது எனக்குத் தெரியும்.

அன்று செய்த கத்தி என் கை முடியையே மழித்தது. அந்தப் பெருமையில் இரண்டாவது சூட்டை விட்டுவிட்டு, அனுமந்தன்பட்டியில் சர்ச்சுகளுக்கு மரத்தில் மாதா சொரூபம் செதுக்கும் மேரி அக்காவிடம் உடனே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் முனை ஒடிந்து அவர் இடது கண்ணில் தெறித்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட கண்ணோடு அக்காதான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

"மரத்துல கணு இருந்திருக்கு தம்பி. நாந்தேன் பாக்காம அழுத்திட்டேன். ஓங் கத்தி நல்ல கத்திப்பா. டாக்டரு பாத்துக்கிருவாக, நீ வெசனப்படாத."

நான் தலையாட்டினேன்.

அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. போன மாதம் அக்கா போன் செய்தார்.

"மறுபடி செதுக்கப் போறேன். அதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடு தம்பி."

இரண்டு சூடும் காட்டிய கத்தி தயாராக இருக்கிறது. கொடுக்கும்போது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் கிளம்புகிறேன். பஸ் ஸ்டாண்டு வரைதான் போகிறேன்.