மண்டோரையும் விசாரித்த அமெரிக்கர்

எங்களை வேலை வாங்கும் மண்டோரோடு சண்டை போட்டுவிட்டுத் தோட்டத்தை விட்டு நடந்துகொண்டிருந்தேன். கோலா சிலாங்கூர் வந்ததும் ஒரு பாயின் சாப்பாட்டுக் கடையில், சண்டையையும் மறைக்காமல் சொல்லி, வேலை கேட்டேன்.

“சண்டைக்காரன வெச்சா நமக்கும் சண்டைதான் லா,” என்றார் பாய்.

கடையில் நெட்டையான வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். மின்மினி பார்க்க வந்த அமெரிக்கர். தேர்தலில் ஜெயித்த அரசியல்வாதியாக இருந்து பிறகு நீதிபதி ஆனவராம். “நீங்களே சொல்லுங்க தொரை,” என்று பாய் விஷயத்தை அவரிடம் வைத்தார்.

அவர் என்னைப் பேசச் சொன்னார். பாய் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, நான் முடிக்கும்வரை கையிலெடுத்த தேநீரை அவர் வாயில் வைக்கவில்லை. என் பேச்சை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

“மண்டோர் இங்க இருந்தா என்ன சொல்லுவாருன்னு கேக்குறாரு,” என்றார் பாய்.

“வாயாடி, சோம்பேறிம்பாரு. வாயாடிங்கிறது நெசந்தான்.”

அமெரிக்கர் சிரித்தார். பாயும் சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஓட்டுக் கேட்டப்ப இவரு மட்டுந்தான் பேசுவாராம். மத்தவங்க பேச்சக் கேக்க கோர்ட்டுலதான் கத்துக்கிட்டாராம்.”

“தீர்ப்பு என்னவாம் பாய்?”

“கட என்னுதாம், தீர்ப்பும் என்னுதாம். காலையில வா.”

எத்தனையோ பேருக்குத் தீர்ப்பு எழுதியவர், என் வழக்கில் கேட்பதோடு நிறுத்திக்கொண்டார். அந்தப் பெருந்தன்மை எனக்கு இன்றும் பிடிபடவில்லை.

மறுநாள் காலை அந்தக் கடையில் மங்கு, தட்டு கழுவும் வேலைக்குச் சேர்ந்தேன்.