கடிக்கிற அணுவும் அதட்டுற அணுவும்

டாக்டர் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிப்பதை இருபது நிமிஷம் விளக்குவதுதான் மூட்டுவாதக் கிளினிக் நர்ஸின் வேலை. யாருக்காவது எதையாவது விளக்கி வாய் வலித்தவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆறு வருஷமாக எனக்கு இதே பிழைப்பு.

நாய் உதாரணம்

ராஜபாளையத்திலிருந்து முத்துலட்சுமி அக்கா புருஷனோடு வந்தார். மில்லில் அறுந்த நூலை முடிச்சுப் போடும் வேலை. விரல்களோ வீங்கி, மடங்கவே இல்லை. இரண்டு மாதத்தில் சரியாகாவிட்டால் வேறு ஆள் என்று மில்லில் சொல்லிவிட்டார்களாம். "என்ன கிருமி சிஸ்டர்?" என்றார். கிருமியே இல்லை, உடம்பைக் காக்கிற அணுக்களே மூட்டைத் தாக்குது, 'நம்ம ஆளு, விடு'ன்னு அதட்டுறதுக்கு அடக்கும் டி செல்லுன்னு ஒண்ணு உண்டு, உங்களுக்கு அதோட அதட்டல் பத்தலை என்றேன். இரண்டு பேரும் முழித்தார்கள். சரி, ஊருக்கு ஏற்ற மாதிரி சொல்வோமென்று, "உங்க ஊர் நாய் வீட்டுக்காரரையே கடிச்சா எப்படி, அந்த மாதிரி" என்றேன். புருஷன் தங்கச்சாமி நாய் வளர்த்து விற்பவர் என்று நான் கண்டேனா? அவர் முகம் சிவந்துவிட்டது.

"எங்க நாய் அப்படிக் கடிக்காது சிஸ்டர். வேற ஊரு நாயச் சொல்லுங்க."

தெம்புப் பொடி

பத்தே நாளில் திரும்பி வந்தார்கள். வீக்கம் இரண்டு மடங்கு. நாங்கள் கொடுத்த மாத்திரை எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் என்று யாரோ சொல்ல, அதை நிறுத்திவிட்டு, எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடியைக் காலையும் மாலையும் பாலில் கலக்கிக் கொடுத்திருக்கிறார் தங்கச்சாமி. எனக்கு வந்ததே கோபம்! "அண்ணே, குறைக்கத்தானே மாத்திரையே கொடுத்தோம்! அடிக்கிறவன் கையில கம்பையும் கொடுத்திருக்கீங்களே!" என்று கத்திவிட்டேன். அக்கா அழ ஆரம்பித்தார். மனுஷன் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெம்பு கூடும்னுதான் போட்டிருக்கு. யாருக்குத் தெம்புன்னு போடலையே சிஸ்டர்."

மில்லுக்கு ஒரு சீட்டு

பிறகு ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவில்லை. மில் கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது அக்கா வந்தார். என் மேஜையில் கிடந்த, புண்ணுக்குக் கட்டுப் போடும் காஸ் துணியில் ஒரு இழையை உருவி, அறுத்து, முடிச்சுப் போட்டார். முதல் தடவை நழுவியது. இரண்டாவது தடவை நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. டீ வாங்க வெளியே போயிருந்த தங்கச்சாமியைக் கூப்பிட எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். நல்ல பிடி.

"மில்லுக்கு வெரல் நல்லாருக்குன்னு சீட்டு வாங்கித் தாங்க. எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க, இப்பத்தான் துணி துவைக்கப் பழகியிருக்காவ."

தங்கச்சாமி டீயோடு வந்து "எப்படியிருக்கு சிஸ்டர்?" என்று கேட்டபோது, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக நான் யாருக்கும் எதையும் விளக்கவில்லை.